பார்த்தேன் என்ற சொல்

எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் நின்றால் கால்பந்து கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக் கண்மாய் பெருகிவிட்டால் மாசி வரைக்கும் பந்தைத் தொட முடியாது. மழை பொய்த்த வருஷம் பூராவும் ஆடலாம். மழை வேண்டி அப்பத்தா அய்யனாருக்கு விளக்குப் போடும்போது, பக்கத்தில் கைகூப்பி நின்ற நான் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற சாலையில், உள்ளே தள்ளி இருக்கிறது ஊர். கரிசல் மண். தண்ணீர் வற்றியதும் கண்மாய்த் தரை பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புக்குள் கையை விட்டால் மணிக்கட்டு வரை போகும். பங்குனி, சித்திரை வெயிலில் பாளங்களின் விளிம்பு உதிர்ந்து, ஆடு மாடும் ஆட்களும் நடந்து நடந்து மாவாகி, தரை ஒரு மாதிரி சமப்படும். அப்போது சீமைக்கருவேலத்தை வெட்டி ஒதுக்குவோம். சவுக்குக் கம்பு நட்டால் கோல் கம்பம். சுண்ணாம்புத் தூளைக் கையால் தூவினால் கோடு. வலை கிடையாது. முள் குத்திப் பந்து ஒரு தடவையாவது பஞ்சராகாமல் ஆட்டம் முடிந்ததும் கிடையாது.

இந்தக் கண்மாய்க்கு என் தாத்தா நீர்பாய்ச்சியாக இருந்தவர். மடையைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது எல்லாம் அவர் பொறுப்பு. பகலில் தன் நிழலைத் தன் காலடியாலேயே அளந்து நேரம் சொல்வார். ராத்திரியில் வானத்து வெள்ளிதான் கணக்கு. அறுவடை முடிந்து களத்தில் பொலி தூற்றியதும் ஒவ்வொரு சம்சாரியும் அவருக்கு நெல் அளந்து போட வேண்டும். அதுதான் சம்பளம்.

அந்த வேலைக்கு, அதே கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கிற ஆளைப் போட மாட்டார்கள். சொந்த வயல் இருந்தால் அந்தப் பக்கம் மடை கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும் என்பது ஊருக்கே தெரியும். எங்களுக்கு அங்கே ஒரு குழி நிலம்கூட இல்லை. வாங்க விட்டதும் இல்லை. எங்கள் தெருவுக்குள் கால் வைக்காத மனிதர்கள், தண்ணீர்ச் சண்டை என்று வந்துவிட்டால் மடையடியில் நின்று தாத்தாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். "முறை முடிஞ்சுபோச்சு சாமி" என்று அவர் சொன்னால் முடிந்ததுதான்.

சின்ன வயதில் இதைக் கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும். விவரம் தெரிந்த பிறகு அதே கதை கசந்தது. துறவி தன் நிலத்தைத் தானாக விடுகிறார். தாத்தாவுக்கு விடுவதற்கு நிலமே கொடுக்கவில்லை. 1947 ஆலய நுழைவுச் சட்டத்துக்கு முன்னால் பிறந்தவர் அவர். திருச்சுழி பூமிநாதரை வாலிப வயது வரைக்கும் கோபுரத்துக்கு வெளியே நின்றுதான் கும்பிட்டிருக்கிறார். எந்தப் பக்கமும் சாயாதவர் என்று அவரை நம்பினார்கள். சாய்வதற்கு ஒரு பக்கத்தை அவருக்கு விட்டுவைக்கவில்லை என்பதுதான் அதற்குக் காரணம். அப்படி வந்து சேர்ந்த நடுவுநிலைமை அவருடைய அறமா, அவர்மேல் சுமத்தப்பட்டதா? முப்பது வயதுக்கு மேல் கால்பந்து நடுவராவதற்குப் பயிற்சி எடுக்கப் போன பிறகு இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் ரிங் ஃப்ரேமில் சைடர் வேலை எனக்கு. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கதிர்கள் சுற்றும். எல்லாவற்றையும் பார்க்கவும் முடியாது, எதையும் பார்க்காமல் விடவும் முடியாது. நடந்துகொண்டே இருக்க வேண்டும். அறுந்த இழை இருக்கிற இடத்தில் கண் தானாகப் போய் நிற்கும். பள்ளிக்கூடத்தில் கால்பந்தில் பேக் ஆடினவன் நான். ஆடின காலம் பூராவும் ரெஃப்ரியைத் திட்டினவன். எனக்கு ஆடச் சொல்லிக்கொடுத்த பி.டி. வாத்தியார்தான், "நீ விசில் பிடிக்கிறதுக்குப் படி. இங்க பந்து ஆட ஆள் இருக்கு, சண்டை போட ஆள் இருக்கு, தீர்த்துவைக்கத்தான் ஆள் இல்ல" என்று சொல்லி விருதுநகர் வகுப்புக்கு அனுப்பினார்.

கால்பந்து விதிகள் மொத்தம் 17. எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, ஓட்டத் தேர்வு, பிறகு நிஜ ஆட்டத்தில் விசில் பிடித்துக் காட்டுவது. சர்வதேச நடுவர்களுக்கு வைக்கும் ஓட்டத்தைச் சொன்னார்கள்: 40 மீட்டரை ஆறு தடவை முழு வேகத்தில் ஓட வேண்டும். அடுத்து 75 மீட்டரை 15 விநாடியில் ஓடி, 25 மீட்டரை நடந்து கடந்து, மறுபடி 75. இப்படி நாற்பது தடவை. எங்களுக்கு அந்த அளவு கடுமை இல்லை என்றாலும் அந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் ஓடச் சொன்னார்கள். 2002 உலகக் கோப்பையில் துணை நடுவராகக் கொடி பிடித்த கோமளீஸ்வரன் சங்கர் நம் தமிழ்நாட்டுக்காரர். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி ஃபிஃபா நடுவர் பட்டியலுக்குப் போனவர். பயிற்சியாளர் இந்த இரண்டு பேரையும் சொல்லிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில், காலையில் ஆறு மணி பஸ் பிடித்து வந்த களைப்பு போய்விட்டது.

விதிகளைப் படிக்கும்போது தாத்தாவின் உலகம் அடிக்கடி குறுக்கே வந்தது. கோடு, அது அடைத்து நிற்கிற பரப்புக்குள்ளேயே சேர்த்தி என்கிறது முதல் விதி. பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே. ஒரு நூல் அளவு கோட்டின்மேல் இருந்தாலும் உள்ளேதான். எங்கள் பக்கம் வரப்பு யாருடையது என்று மூன்று தலைமுறையாகக் கோர்ட்டுக்கு அலைந்த குடும்பங்கள் உண்டு. கோடு யாருக்குச் சேர்த்தி என்பதை முதலிலேயே எழுதிவைத்துவிட்டால் எத்தனை தலை உடையாமல் இருந்திருக்கும் என்று வகுப்பிலேயே நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மைதானத்தில் ஒரு பயிற்சி. பயிற்சியாளர் இரண்டு பையன்களைப் பந்துக்கு மோதவிட்டார். நாங்கள் ஒன்பது பேர், மூன்று மூன்று பேராக மூன்று இடத்தில். மோதினார்கள், ஒருவன் விழுந்தான். "பேசாதீங்க, எழுதுங்க" என்றார். சீட்டைப் பிரித்தால் ஆறு பேர் ஃபவுல், மூன்று பேர் இல்லை. அந்த மூன்று பேரும் ஒரே இடத்தில், பக்கவாட்டில் நின்றவர்கள். பின்னால் நின்ற எங்களுக்கு ஒருவன் முதுகு மட்டும் தெரிந்தது. அவன் கால் பந்தைத் தொட்டதை முதுகு மறைத்துவிட்டது. பக்கவாட்டில் நின்றவர்களுக்கு இரண்டு உடம்புக்கும் நடுவில் உள்ள சந்து தெரிந்தது. "சந்து தெரியற இடத்துக்குப் போய் நில்லு" என்றார் பயிற்சியாளர். அன்றைக்கு முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரத்துக்கு நடுவு நிலைமை என்று பெயர். பள்ளிக்கூடத்தில் அதை மனசு சம்பந்தப்பட்டதாகத்தான் படித்தேன்: ஒரு பக்கமும் சாயாத மனசு. ஆனால் அந்தச் சொல்லுக்குள்ளேயே நிற்பது இருக்கிறது. அன்றைக்கு ஃபவுல் என்று எழுதிய ஆறு பேருக்கும் அந்தப் பையன்கள்மேல் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. இருவர் பெயர்கூடத் தெரியாது. மனசு தராசு மாதிரி நேராக இருந்தும் தீர்ப்புத் தப்பிவிட்டது. காரணம், நின்ற இடம். மைதானத்தின் நட்டநடுவில் நிற்பதும் பிரயோஜனமில்லை. பந்து மேலே படும், ஆட்டக்காரருக்கு இடைஞ்சல். நடுவர் மூலைக்கு மூலை குறுக்காக ஓட வேண்டும், ஆட்டம் எப்போதும் தனக்கும் லைன்ஸ்மேனுக்கும் இடையில் இருக்கிற மாதிரி. நடுவுநிலைமைக்குக் காலும் நுரையீரலும் வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது அங்கேதான். தாத்தா கண்மாய்க்கரையில் உட்கார்ந்து முறை சொன்னவர் இல்லை. கடைசி வயல் வரைக்கும் வாய்க்கால் ஓரமாக நடந்துபோய், தண்ணீர் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மடையை அடைப்பாராம். நிலமில்லாதது அவர்மேல் சுமத்தப்பட்டதுதான். நடந்தது அவருடையது.

ஐந்தாம் விதி நடுவரைப் பற்றியது. அதை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். நடுவர் தன் திறமைக்கு எட்டியவரை, ஆட்டத்தின் விதிப்படியும் அதன் உணர்வுப்படியும், தன் கருத்தில் சரி என்று படுவதை முடிவு செய்கிறார். கோல் விழுந்ததா இல்லையா என்பது உட்பட, ஆட்டத்தில் நடந்ததைப் பற்றி அவர் சொல்வதே இறுதி. தப்பு என்று உணர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் அதன் பிறகு மாற்ற முடியாது. இதைப் படித்தபோது எனக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. கருத்து என்றுதானே சொல்கிறது, உண்மை என்று சொல்லவில்லையே. மனிதன் தப்புவான் என்று ஒத்துக்கொண்டு, தப்பினாலும் ஆட்டம் நடக்கட்டும் என்று வழிவிட்டிருக்கிறது. அந்த வழி என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன பங்குனி. கோயில் பொங்கலை ஒட்டி எங்கள் கண்மாய்க்குள் பந்தயம். எங்கள் ஊர் அணி ஏற்கெனவே தோற்று வெளியேறிவிட்டதால், வெளியூர் அணிகள் இரண்டு மோதிய ஆட்டத்துக்கு என்னை விசில் பிடிக்கச் சொன்னார்கள். லைன்ஸ்மேன் யாரும் இல்லை. அணிக்கு ஒரு பையனைக் கொடுத்தார்கள், கையில் கொடிக்குப் பதில் துண்டு. ஆதியில் இங்கிலாந்திலும் இப்படித்தான். அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள். அவர்களுக்குள் ஒத்துப்போகாவிட்டால் வெளியே நிற்கிற மூன்றாம் ஆளிடம் கேட்பார்கள். கேட்கப்படுகிறவர் என்பதுதான் ரெஃப்ரி என்ற சொல்லுக்குப் பொருள். 1891-இல்தான் அவரை மைதானத்துக்குள் இறக்கிவிட்டு, அம்பயர்களைக் கோட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் கண்மாயில் அன்றைக்கு நான் உள்ளே இருந்தேன். துண்டு பிடித்த பையன்கள் இரண்டு பேரும் தத்தம் ஊருக்காகத் துண்டை வீசிக்கொண்டிருந்தார்கள்.

முந்தின ராத்திரி முழு நைட் ஷிப்ட். காலையில் வந்து இரண்டு மணி நேரம் கண்ணை மூடியிருப்பேன். இரண்டாம் பாதியில் ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கிறது. பின்வரிசையிலிருந்து நீளமாக ஒரு பந்து தூக்கி அடித்தார்கள். நான் நடு வட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். அந்த நிமிஷம் ஓடியிருக்க வேண்டும். கால் வரவில்லை. எப்படியும் கீப்பர் எடுத்துவிடுவான் என்று மனசு காலுக்குச் சமாதானம் சொல்லியது. முன்னால் ஓடிய பையன் பந்தைப் பிடித்து இடது கம்பை ஒட்டி அடித்தான். கீப்பர் பாய்ந்து விழுந்தான். கரிசல் புழுதி ஆள் உயரத்துக்கு எழும்பியது. பந்து கம்புக்கு உள்ளே போனதா, வெளியே போனதா? நான் நாற்பது மீட்டருக்குப் பின்னால் இருந்தேன். எனக்குத் தெரிந்தது புழுதி. புழுதி அடங்கியதும், கம்பத்துக்குப் பின்னால் கருவேலம் புதரில் போய்க் கிடந்த பந்து. செல்போனில் படம் பிடித்தவர்களுக்கும் புழுதிதான் கிடைத்தது. கரையில் நின்ற கூட்டம் கோல் என்று கத்தியது. நான் விசிலை ஊதி நடு வட்டத்தைக் காட்டினேன்.

கீப்பர் ஓடி வந்தான். பதினாறு வயது இருக்கும். முழங்கை உரிந்து ரத்தத்தில் புழுதி ஒட்டியிருந்தது. "அண்ணே, வெளிய போச்சுண்ணே. கம்புக்கு வெளியண்ணே. மாரியம்மன் கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்றேண்ணே."

"நான் பார்த்தேன்டா. உள்ளதான்" என்றேன்.

ஆட்டம் தொடங்கியது. இரண்டுக்கு ஒன்று என்று முடிந்தது.

எங்கள் பக்கம் சூடம் அணைப்பது சாதாரணக் காரியம் இல்லை. ஆடு காணாமல் போனாலும், கொடுத்த கடனை இல்லை என்றாலும், கடைசியில் வந்து நிற்கிற இடம் அது. எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துவிட்டால் அதற்குமேல் யாரும் வாய் திறக்கக் கூடாது. சாமி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட வேண்டும். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவர்கூட அங்கே வந்து நின்றால் கை நடுங்குவார். அந்தப் பையன் தன்னிடம் இருந்த மிகப் பெரிய சாட்சியத்தை என் முன்னால் வைத்தான். அதற்கு எதிராக நான் ஒரு பொய்யை வைத்தேன்.

அன்று ராத்திரி எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டிருந்தேன். என் முடிவு இறுதி, என் கருத்தில் அது கோல், மறுபடி தொடங்கிய பிறகு மாற்ற விதியில் இடமில்லை. எல்லாம் சரிதான். ஆனால் நான் செய்தது இரண்டு காரியம். கோல் என்று தீர்த்தது ஒன்று. அதற்கு ஐந்தாம் விதி குடை பிடிக்கும், தப்பாக இருந்தாலும் பிடிக்கும். பார்த்தேன் என்று சொன்னது இன்னொன்று. அதற்குக் குடை பிடிக்க உலகத்தில் எந்த விதியும் இல்லை. கருத்துச் சொல்ல எனக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். காணாததைக் கண்டதாகச் சொல்ல யாரும் கொடுக்கவில்லை. "என் முடிவு கோல், போய் ஆடு" என்று சொல்லியிருந்தால் அந்தப் பையன் என்மேல் கோபப்பட்டிருப்பான். நான் அவனுடைய கண்ணைப் பொய் என்று ஆக்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் திருச்சுழி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கோல் அடித்த பையனே என்னிடம் வந்தான். "அண்ணே, தப்பா எடுத்துக்கிடாதீங்க. அது வெளியதாண்ணே போச்சு. எனக்குத் தெரியும்" என்றான். டீ ஆறிப்போய் ஆடை படிந்தது. நான் குடிக்கவில்லை.

அப்பத்தா உயிரோடு இருந்தபோது சொன்ன ஒரு சம்பவம் உண்டு. கண்மாயில் கடைசித் தண்ணீர். இன்னும் ஒரு நனைப்புக் கிடைத்தால் கதிர் முற்றும், இல்லாவிட்டால் பதர். ராத்திரி முறை. தாத்தா மடையடியில் உட்கார்ந்தபடியே கண்ணசந்துவிட்டார். விழித்துப் பார்த்தால் விடிவெள்ளி ஏறிவிட்டது. ஒரு வயலுக்கே தண்ணீர் முழுசும் போய்ச் சேர்ந்திருந்தது. பார்த்தவர் யாரும் இல்லை. மடையில் அடைசல் இருந்தது என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார்கள். விடிந்ததும் அவரே சாவடிக்குப் போய், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "நான் கண்ணசந்துட்டேன் சாமி" என்று நின்றாராம். அந்த வருஷம் களத்தில் அவருக்கு நெல் போடவில்லை. ஏசினார்கள், ஒருவர் கையை ஓங்கியிருக்கிறார். ஆனால் வேலையை விட்டு எடுக்கவில்லை. "அந்த வருசம் பூராம் கம்பங்கூழுதான்" என்று அப்பத்தா இதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சமும் வருத்தம் இருக்காது. எனக்கு இது வெகுளித்தனமாகப் பட்ட காலம் உண்டு. கொடுமைப்படுத்துகிறவர்களிடம் போய் ஏன் உண்மையைச் சொல்ல வேண்டும்? இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. அவரிடம் நிலம் இல்லை, தெருவில் மரியாதை இல்லை. அவர் சொல் மட்டும் அவருடையதாக இருந்தது. அதை அவர் விற்கவில்லை.

இதையெல்லாம் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்த நாட்களில் திருச்சுழிக் கோயிலுக்குப் போய் உட்காருவேன். பிரளயம் வந்தபோது இறைவன் சூலத்தால் பூமியைக் குத்தி, வெள்ளத்தைச் சுழித்து உள்ளே போகச் செய்த இடம் என்று தலபுராணம். ஊர்ப் பெயரில் இருக்கிற சுழி அதுதான். பூமிநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது சுந்தர மந்திரம். ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30-ஆம் தேதி ஆருத்ரா தரிசனத்தன்று பிறந்த வீடு. தகப்பனார் சுந்தரம் ஐயர் அங்கே கோர்ட்டில் வக்கீல். மனு எழுதிக் கொடுப்பதில் தொடங்கி வக்கீலாக உயர்ந்தவர். தகப்பனார் இறந்ததும் பன்னிரண்டு வயதில் மதுரைக்குப் போன பையன் அங்கே குஸ்தி, நீச்சல், கால்பந்து என்று திரிந்தவன். எந்தப் பக்கம் சேர்ந்து ஆடினாலும் அந்தப் பக்கம் ஜெயித்ததால் தங்கக்கை என்று கூப்பிட்டார்களாம். பதினாறு வயதில், 1896-இல், திருவண்ணாமலைக்குப் போய்ச் சேர்ந்தார். எங்கள் கரிசலில் பிறந்த மகான் பந்து உதைத்தவர் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் படத்தைப் பார்க்கும்போது எனக்குக் கூச்சம் குறைந்துவிட்டது.

சினிமாத் திரையில் தீ எரிந்தால் திரை வேகாது, வெள்ளம் ஓடினால் திரை நனையாது என்பது அவர் எடுத்துச் சொன்ன உவமை. நடப்பதையெல்லாம் தொடாமல் பார்த்திருப்பது சாட்சி. நடுவர் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கால்பந்து விதியும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்திருக்கிறது. 2019 வரைக்கும் பந்து நடுவர்மேல் பட்டுத் திரும்பினால் ஆட்டம் நிற்காது. கம்பத்தில் பட்ட மாதிரி, அங்கே ஆளே இல்லாத மாதிரி, ஆட்டம் தொடரும். 2019-இல் மாற்றினார்கள். நடுவர்மேல் பட்டு பந்து கோலுக்குள் போனாலோ, எதிரணியின் கைக்கு மாறினாலோ, நல்ல தாக்குதலுக்கு வழி பிறந்தாலோ நிறுத்தி, பந்தைக் கீழே போட்டுத் தொடங்க வேண்டும். நடுவருக்கும் உடம்பு இருக்கிறது, அது ஆட்டத்தை மாற்றும் என்று விதி ஒத்துக்கொண்டது அந்த வருஷம்தான். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. நான் திரை இல்லை. புழுதி என் கண்ணில் விழும். நைட் ஷிப்ட் என் காலில் இறங்கும். திரையாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிற நடுவர்தான், காணாததைக் கண்டேன் என்று கூசாமல் சொல்லுவார் என்று தோன்றுகிறது.

இன்னொரு இடத்திலும் மகானை விட்டு நான் விலகி நிற்க வேண்டியிருக்கிறது. 1924 ஜூன் 26 ராத்திரி ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். அவர் தொடையில் அடித்தார்கள். பதிலுக்கு அடிக்கக் கிளம்பிய அடியவரை அவர் தடுத்துவிட்டார்; நாம் சாது, நம் தர்மத்தை நாம் விடக் கூடாது என்று. அடிபட்டவர் மன்னித்தார். அது அவருக்கு உரியது. நடுவருக்கு அந்த உரிமை கிடையாது. ஒருவன் இன்னொருவன் முட்டியில் மிதித்தால், போகட்டும் என்று நான் பெருந்தன்மை காட்ட முடியாது. முட்டி என்னுடையது இல்லையே. என்னைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினால்கூட மனிதனாக மன்னித்துவிட்டு, நடுவராகச் சிவப்பு அட்டையை எடுக்கத்தான் வேண்டும். இரண்டு பேருக்கு நடுவே நிற்கிறவனுக்கு விதித்தது சாந்தம் இல்லை, நியாயம். இதை எழுதும்போது மகானோடு வாதாடுகிற மாதிரி ஒரு பயம் வருகிறது. இருந்தாலும் வக்கீல் வீட்டுப் பிள்ளை, இந்த வாதத்தைக் கேட்டுக்கொள்வார் என்று ஒரு தைரியம்.

அப்படியென்றால் தப்பிய தீர்ப்புக்குப் பாவம் உண்டா? 1986 ஜூன் 22, மெக்சிகோ சிட்டி, ஆஸ்டெக்கா மைதானம். இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் தட்டிப் போட்ட கோலைத் துனிசியா நாட்டு நடுவர் அலி பின் நாசர் கோல் என்று கொடுத்தார். அவர் கண்ணில் கை படவில்லை. சந்தேகம் இருந்தது, லைன்ஸ்மேன் டோச்செவைப் பார்த்தேன், அவர் கொடி காட்டவில்லை என்றுதான் பிறகு சொல்லிவந்தார். உலகமே ஏசியது. ஆனால் கை படாததைப் பார்த்தேன் என்று அவர் சொன்னதாக நான் கேட்டதில்லை. அதே ஆட்டத்தில் நான்கு நிமிஷம் கழித்து மரடோனா பாதி மைதானத்துக்கு அப்பாலிருந்து எதிரணிக்காரர் பலரைத் தாண்டி ஓடியபோது, விழுந்துவிடுவான் என்று தோன்றிய ஒவ்வொரு தடவையும் விசிலை ஊதாமல், ஆடட்டும் ஆடட்டும் என்று கத்திக்கொண்டே கூட ஓடியவரும் அவர்தான். அந்தக் கோலை உலகம் கொண்டாடுகிறது. 2015-இல் மரடோனா துனிசியாவில் அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். அலி பின் நாசர் கண் தப்பியவர். எனக்கு அவர்மேல் ஒரு குறையும் இல்லை. நான் தப்பிய இடம் கண்ணில் இல்லை, நாக்கில்.

இது தெளிவானதும் அந்தக் கீப்பர் பையன் வீட்டைத் தேடிப் போனேன். சைக்கிளில் போனால் முக்கால் மணி நேரம். வாசலில் அவன் அம்மா கொல்லையில் எடுத்த பருத்தியைப் பரப்பிவிட்டுக்கொண்டிருந்தார். செம்பில் தண்ணீர் கொடுத்தார். பையன் உள்ளேயிருந்து வந்து திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். முழங்கைப் புண் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"தம்பி, அன்னைக்கு நான் பார்க்கல. தூரத்துல நின்னேன், புழுதியில தெரியல. பார்க்காமத்தான் கோல்னு சொன்னேன்."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் அம்மா கையிலிருந்த பருத்தியை அப்படியே வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"கோல்னு சொன்னது சரிண்ணே," என்றான். "அப்ப ஏண்ணே பார்த்தேன்னு சொன்னீங்க?"

நைட் ஷிப்டைச் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கூட்டம் கத்தியதைச் சொல்லலாம். தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டால் விசிலுக்கு மரியாதை இருக்காது, அதுவும் எங்கள் தெருப் பையன் கையில் இருக்கிற விசிலுக்கு இருக்கவே இருக்காது என்று உள்ளுக்குள் ஒரு பயம் எப்போதும் உண்டு, அதையும் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்தான். ஆனால் அந்தப் பயத்தோடு தாத்தாவும் வாழ்ந்திருக்கிறார். சாவடி முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றபோதும் அது அவருக்கு இருந்திருக்கும். "தப்புதான் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வா என்றோ போ என்றோ அவன் சொல்லவில்லை.

ஓட்டத் தேர்வு இந்த வருஷம் மறுபடி இருக்கிறது. பகல் ஷிப்ட் இல்லாத நாட்களில் விடிவதற்குள் எழுந்து கண்மாய்க்கரைக்குப் போகிறேன். தாத்தா உட்கார்ந்திருந்த மடைக்கல்லிலிருந்து 75 மீட்டர் அளந்து ஒரு கல், அங்கிருந்து 25 மீட்டரில் இன்னொரு கல் நட்டிருக்கிறேன். 75 ஓட்டம், 25 நடை. திரும்பி மறுபடி. ஒருநாள் அந்தப் பையன் இந்தப் பக்கம் ஆடு பத்திக்கொண்டு வந்தவன் கரையில் கம்பை ஊன்றி நின்று பார்த்தான். நான் ஓடி முடிப்பதற்குள் ஆடுகள் கருவேலங்காட்டுக்குள் இறங்கிவிட்டன, அவனும் போய்விட்டான். முப்பத்து நான்கு வரைக்கும் வந்திருக்கிறேன். இன்னும் ஆறு இருக்கிறது.